வருகிற பக்ஸ் வேறு, போகிற பக்ஸ் வேறு: வன்னி அலுவலகமொன்று எதைத் தெரிவு செய்வது?

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஓர் அலுவலகம், வெளி இணைப்பை உள்ளே எக்ஸ்டென்ஷன்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் தொலைபேசிப் பெட்டியொன்றைப் புதிதாக வாங்கும்போது விலைமனுவின் அடிப்பகுதியில் ‘பக்ஸ் (தொலைநகல்) வசதி’ என்று ஒரு வரி இருக்கும். விற்க வந்தவர் "அதுவும் இருக்கு ஐயா" என்பார், முகாமையாளர் தலையாட்டுவார், பேச்சு கமெராவுக்கோ வைபைக்கோ போய்விடும். அந்த வரிக்குள் என்ன இருக்கிறது, அதை யார் நடத்தப்போகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. பெட்டி பூட்டிய பிறகு பழைய பக்ஸ் இயந்திரம் மூலையிலேயே இருக்கும். புதிய வசதியும் இருக்கும். கொழும்பிலிருந்து வருகிற கடிதம் இரண்டில் எதற்குள் போனது என்று தேடுவது எழுதுவினைஞரின் தலையில் விழும்.

பக்ஸ் காலாவதியாகிவிட்டதே என்று கேட்பவர்கள் தங்கள் மேசையில் கிடக்கும் கடிதத் தலைப்புகளை ஒருமுறை பார்க்கட்டும். கச்சேரி, பிரதேச செயலகம், திணைக்களங்கள், வங்கிகள், காப்புறுதிக் கம்பனிகள் என்று எங்கும் தொலைபேசி இலக்கத்துக்குக் கீழே தொலைநகல் இலக்கம் இன்னும் அச்சாகி வருகிறது. "ஒப்பம் வைத்து, முத்திரை குத்தி பக்ஸ் பண்ணுங்கோ" என்ற வசனமும் ஓய்ந்தபாடில்லை. ஆகவே வேண்டுமா வேண்டாமா என்பதை விட்டுவிட்டு, எதில் வாங்கி எதில் அனுப்புவது என்று பார்ப்போம்.

நான் மனதில் வைத்திருப்பது நடுத்தர அளவிலான ஓர் இடம். தலைமை அலுவலகம் கிளிநொச்சி நகரில், கிளைகள் மல்லாவியிலும் புதுக்குடியிருப்பிலும், ஒரு களஞ்சியம் வவுனியாவில். நெல் கொள்வனவு செய்யும் சங்கமாக இருக்கலாம், கடன் கொடுக்கும் நிறுவனமாக இருக்கலாம். கிளிநொச்சியும் முல்லைத்தீவும் 021, வவுனியா 024 என்பதால் ஒரே நிறுவனத்துக்கு இரண்டு பிரதேசக் குறியீடுகள். உள்ளே இருபது எக்ஸ்டென்ஷன் வரை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரும் பக்ஸும் போகும் பக்ஸும் இரண்டு வேறு வேலைகள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே தீர்வு தேடுவதால்தான் பெரும்பாலான அலுவலகங்கள் தவறான பெட்டியை வாங்குகின்றன. வருவதைத் தொலைபேசிப் பெட்டியில் குரல் செய்தி வாங்கும் செய்திப்பகுதி வாங்கட்டும். போவது இயந்திரத்தில் போகட்டும்.

தனி இயந்திரம், தனிக் கம்பி

பழைய முறை. செப்புக் கம்பியில் ஒரு இணைப்பு, நுனியில் ஒரு இயந்திரம். பிழைத்தால் காரணம் தேடுவது சுலபம்: கம்பியா, தாளா, கரண்டா? பழுது பார்க்கத் தெரிந்தவர் நகரத்தில் ஒருவராவது இருப்பார்.

ஆனால் இது வன்னியின் காலநிலைக்கு ஏற்ற சாமான் அல்ல. மலிவு இயந்திரங்கள் வெப்பத்தாளில் அச்சடிப்பவை. பங்குனி, சித்திரை வெக்கையில் ஓட்டுத் தகரத்துக்குக் கீழே கோப்பில் கிடந்த கடிதம் மங்கி, ஒப்பம் இருந்த இடம் வெறும் தாளாகிவிடும். வந்தவுடன் போட்டோக்கொப்பி எடுத்து வைப்பது என்ற பழக்கம் அங்கிருந்துதான் வந்தது. உழவு தொடங்கியதும் எழும் புழுதி உருளைகளில் படிந்து தாள் இரண்டிரண்டாக இழுபடும். ஐப்பசி, கார்த்திகை இடிக்கு இந்த இயந்திரத்துக்குள் நுழைய இரண்டு வாசல்: மின்சாரக் கம்பி ஒன்று, தொலைபேசிக் கம்பி ஒன்று. மின் பக்கம் பாதுகாப்புக் கட்டை போட்டவர்கள்கூடத் தொலைபேசிப் பக்கத்தைத் திறந்தே விடுகிறார்கள்.

கரண்ட் விசயமும் உண்டு. செப்புக் கம்பித் தொலைபேசி பரிவர்த்தனை நிலையத்தின் மின்கலத்தில் ஓடும், பக்ஸ் இயந்திரம் ஓடாது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது இலக்கம் மணியடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பதற்கு ஆள்தான் இல்லை. தாள் முடிந்தால் நினைவகத்தில் வாங்கி வைக்கும் இயந்திரங்களிலும், பலவற்றில் கரண்ட் போனதும் வைத்திருந்த பக்கங்கள் போய்விடும். அனுப்பியவரின் கையிலோ ‘சரி’ என்று அச்சடித்த அறிக்கை இருக்கும்.

தட்டில் விழுந்த தாளை வழியில் போகிறவர் எல்லோரும் வாசிக்கலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவருடைய கடன் நிலுவை தேநீர் மேசைப் பேச்சாவதற்கு வேறு வழி தேவையில்லை.

தொலைபேசிப் பெட்டியின் செய்திப்பகுதி

குரல் செய்தி வாங்கி வைக்கும் அதே பகுதி பக்ஸையும் வாங்கி, படமாக வைத்து, உரியவரின் மின்னஞ்சலுக்கு அனுப்பும், அல்லது கேட்கும்போது அச்சுப் பொறிக்குத் தள்ளும். விலைமனுவின் அடிவரி சொல்வது இதைத்தான்.

அனுப்பும் இயந்திரம் இலக்கத்தை அழுத்திவிட்டு 1100 ஹேர்ட்ஸ் தொனியொன்றை அரைச் செக்கன் ஒலித்து, மூன்று செக்கன் பொறுத்து, மறுபடி ஒலிக்கும். செய்திப்பகுதி வரவேற்புக் குரலை ஓடவிட்டபடியே அந்தத் தொனிக்குக் காது கொடுத்திருக்கும். கேட்டதும் அழைப்பைப் பக்ஸ் பக்கம் திருப்பி, 2100 ஹேர்ட்ஸில் பதில் சொல்லி, பேச்சுவார்த்தையைத் தொடங்கும். தொனிக்கு நடுவே மூன்று செக்கன் இடைவெளி இருப்பதால் வரவேற்பு மிகக் குறுகியதாக இருந்தால் தொனி பிடிபடுவதற்குள் அழைப்பு எக்ஸ்டென்ஷனுக்குப் போய்விடும். வரவேற்பாளர் ‘பீ’ சத்தத்துக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருப்பார். இந்த ஒரு விசயத்தில் நம் நாட்டு வழக்கம் கைகொடுக்கிறது. தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும் வரவேற்புச் சொல்லி முடிப்பதற்குள் தொனி நாலைந்து தடவை ஒலித்துவிடும்.

அதே மும்மொழி வரவேற்பு வேறொரு இடத்தில் காலை வாரும். கொழும்பு அலுவலக எழுதுவினைஞர் பலர் ரிசீவரைத் தூக்கி, இலக்கத்தை அழுத்தி, மறுமுனையில் பக்ஸ் தொனி கேட்ட பின்தான் ‘ஸ்ரார்ட்’ பொத்தானை அமுக்குவார்கள். அதுவரை அவர்களுடைய இயந்திரம் வாய் திறக்காது. இரண்டு பக்கமும் மற்றதன் சத்தத்துக்குக் காத்திருக்கும். குரலைக் கேட்டவர் "இது போன் நம்பர்" என்று வைத்துவிடுவார். ஆகவே வரவேற்புக்குள் ‘பக்ஸ் அனுப்ப இந்த எண்ணை அழுத்தவும்’ என்று ஒரு வரி அவசியம். அதைவிட நல்லது, பக்ஸுக்கென்று தனி இலக்கம் கொடுத்து அதை நேராகச் செய்திப்பகுதிக்கு விடுவது. இலக்கத் தொகுதியாக இணைப்பு வாங்கிய அலுவலகம் தொனியைக் கண்டுபிடிக்கும் வசதியை நம்பவே தேவையில்லை. ஒற்றை இணைப்போடு காலம் ஓட்டும் அலுவலகத்துக்குத்தான் அது.

அடுத்தது நிர்வாகம். இதில்தான் பெட்டியின் குணத்தைவிட உங்கள் குணம் முக்கியம். ஒவ்வொரு உத்தியோகத்தருக்கும் பக்ஸ் பெட்டி திறந்து கொடுக்க மென்பொருள் அனுமதிக்கும், விற்பவரும் அதைப் பெருமையாகக் காட்டுவார். கொடுக்காதீர்கள். இருபது எக்ஸ்டென்ஷன் உள்ள இடத்தில் ஒரு பொதுப் பெட்டி, அதற்கு ஒரு பொறுப்பாளர், அவர் லீவில் நின்றால் பார்க்க இன்னொருவர், அவ்வளவு போதும். தனிப்பெட்டி வேண்டியது கணக்குப் பகுதிக்கும் ஆளணிப் பகுதிக்கும் மட்டும். எல்லோருக்கும் கொடுத்தால், இடமாற்றமாகிப் போனவரின் பெட்டியில் ஒரு கேள்விமனு அறிவித்தல் திறக்காமலே கிடந்து தவணை கடக்கும். பெட்டிகளை வகுப்பு வகுப்பாகப் பிரிக்கும் வசதி பல செய்திப்பகுதிகளில் உண்டு. பக்ஸ் வாங்கலாமா, அனுப்பலாமா, எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதை வகுப்புக்கு ஒருமுறை எழுதிவிட்டால் ஆள் மாறும்போது மண்டை காயாது.

வைத்திருக்கும் நாட்கள் பற்றி ஒரு எச்சரிக்கை. குரல் செய்திக்குப் போட்ட அதே காலக்கெடுவை, எத்தனையோ நாளில் தானாக அழியும்படி, பக்ஸுக்கும் சேர்த்துப் போட்டுவிடுவது வழக்கம். "வந்து என்னோடு கதையுங்கோ" என்ற செய்தி அழிந்தால் நட்டமில்லை. கொள்வனவுக் கட்டளை அழிந்தால் கணக்காய்வில் பதில் சொல்ல வேண்டும். பக்ஸ் பொதுப்பெட்டிக்கு அழித்தலை நிறுத்தி வையுங்கள். சாதாரணக் கடிதமொன்றின் படம் சில பத்துக் கிலோபைட் தாண்டாது. பெட்டி நிரம்பினால் என்ன நடக்கும் என்பதையும் விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். நிரம்பியதும் அழைப்பை மறுக்கும் பெட்டி நல்லது, ஏனென்றால் அனுப்பியவருக்குத் தோல்வி என்று தெரிந்துவிடும். வாங்கிவிட்டு உள்ளே தொலைப்பது கெட்டது.

மின்னஞ்சலுக்குத் திருப்பும்போதும் இதே சங்கதி. பக்ஸ் வந்து, ‘சரி’ என்று பதிலும் போய்விட்டது, ஆனால் இணையம் அறுந்து கிடக்கிறது. படம் வரிசையில் காத்து நிற்கும். வரிசை தேங்கினால் எச்சரிக்கை எங்கே போகும்? அதே அறுந்த மின்னஞ்சலுக்குத்தான். பொறுப்பாளரின் மேசைத் தொலைபேசியில் செய்தி விளக்கு எரியும்படியும் அமைத்துவிடுங்கள். விளக்குக்கு இணையம் தேவையில்லை.

இன்னொரு கணக்கு வாசல்களுடையது. செய்திப்பகுதியில் ஒரே நேரத்தில் எத்தனை அழைப்பு நுழையலாம் என்பதற்கு எல்லை உண்டு; சிறிய பெட்டிகளில் அது மிகக் குறைவு. பத்துப் பக்கப் பக்ஸ் ஒன்று ஐந்தாறு நிமிடம் ஒரு வாசலை அடைத்துவிடும். காலபோக அறுவடை நேரம் விவசாயிகள் விலை கேட்டு எடுத்தபடி இருக்க, பக்ஸ் இரண்டு உள்ளே நின்றால் வரவேற்புக் குரலே எடுக்காது. பக்ஸுக்கு வேறு உரிமம், சில பெட்டிகளில் வேறு அட்டையும் வாங்கவேண்டி வரும். விலைமனுவின் ‘இருக்கு’ என்ற சொல்லுக்குள் உரிமம் அடங்குமா என்று கேட்டால் விற்பவரின் முகம் கொஞ்சம் மாறும்.

பெட்டியின் ஆயுளையும் பாருங்கள். குரலும் பக்ஸும் ஒரே பெட்டியில் என்று ஒரு காலம் பெயர்போன கோல்பைலட்டைச் செய்த நோர்ட்டெல் 2009இல் வங்குரோத்துக்குப் போனது. அதன் நிறுவனத் தொலைபேசித் தொழிலை அவாயா வாங்கியது. நம் ஊரில் எங்கும் காணும் பேனசோனிக்கும் இந்தத் தொழிலை விட்டுவிட்டது. கொழும்பில் பாவித்த பெட்டியை மலிவாக வாங்கி ஏ9 வழியே ஏற்றி வரும்போது உரிமத்தை யாரிடம் புதுப்பிப்பது என்ற கேள்வியையும் கூடவே ஏற்றி வருகிறீர்கள்.

சொந்த சேர்வர்

சாதாரணக் கணினியையே தொலைபேசிப் பெட்டியாக்கும் மென்பொருள்கள் உண்டு: அஸ்டரிஸ்க், அதை நடத்த அதன்மேல் ஃபிரீபிபிஎக்ஸ், பக்ஸுக்கு ஸ்பான்டிஎஸ்பி. அல்லது பழைய ஹைலாபக்ஸ். மென்பொருளுக்குக் காசில்லை, மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்யும், சிலவற்றை இன்னும் நன்றாகவே செய்யும். யாரிடமிருந்து வந்தால் எந்தக் கிளைக்கு என்று பிரித்து அனுப்பவும் முடியும்.

எனக்கு இதில்தான் விருப்பம் அதிகம், ஆனால் பெரும்பாலான அலுவலகங்களுக்குச் சிபாரிசு செய்யமாட்டேன். காரணம் தொழில்நுட்பம் இல்லை, ஆள். இதை அமைக்கத் தெரிந்த பிள்ளைகள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் இருக்கிறார்கள். நல்லாய்ச் செய்கிற பிள்ளை கொழும்புக்கோ கனடாவுக்கோ போகிற பிள்ளையும்தான். கடவுச்சொற்களையும் அமைப்பையும் தாளில் எழுதி இரும்புப்பெட்டியில் வைக்கச் சம்மதித்தால், ஊரிலேயே இரண்டு பேர் கையைப் பழக்கினால், தாராளமாகப் போங்கள்.

கம்பி எப்படிப்பட்டது என்பதே பாதித் தீர்ப்பு

எந்தப் பெட்டியானாலும் கடைசியில் பக்ஸ் ஓடுவது வெளி இணைப்பின் மேல். போருக்குப் பிறகு வன்னியில் கம்பி இழுபடும் முன்னரே பல இடங்களுக்குக் கம்பியில்லாச் சிடிஎம்ஏ தொலைபேசி வந்தது. பேச்சுக்கு நல்லது, பக்ஸுக்கு ஆகாது. பேச்சைச் சுருக்கும் முறை மனிதக் குரலுக்கென்று செய்தது. மோடத்தின் தொனி அதற்குள் உருக்குலைந்துவிடும். கைபேசி வலையமைப்பில் ஓடும் மேசைத் தொலைபேசிக்கும் இதே விதி. மல்லாவிக் கிளையில் இருப்பது அப்படியானதென்றால் அங்கே பக்ஸ் வைக்கவே வேண்டாம்; கிளிநொச்சியில் வாங்கி மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

ஃபைபருக்கு மாறியவர்களுக்கு வேறு கவலை. கண்ணாடி இழையில் கரண்ட் வராது. ரூட்டருக்கும் பெட்டிக்கும் யூபிஎஸ் இல்லாவிட்டால் மின்வெட்டில் தொலைபேசியும் சேர்ந்து படுக்கும். அதோடு அங்கே ஓடுவது ஐபி, அதாவது குரலைச் சிறு பொட்டலங்களாக வெட்டி அனுப்பும் இணைய முறை. பொட்டலம் ஒன்று தொலைந்தால் பேச்சில் ஒரு எழுத்துத்தான் விழுங்கும், பக்ஸில் பக்கமே போகும். இதற்காகத்தான் 1998இல் ரி.38 என்ற நெறிமுறை வந்தது. தொனியைக் குரலாக அனுப்பாமல் பக்ஸின் தரவை எடுத்து, தொலைந்தாலும் ஈடு செய்யும்படி திரும்பத் திரும்ப அனுப்பும். சேவை வழங்குநரும் உங்கள் பெட்டியும் இரண்டுமே அதைப் பேச வேண்டும். ஒருவர் மட்டும் பேசினால் பயனில்லை. இல்லையென்றால் ஒலியை இறுக்கிச் சுருக்காத ஜி.711 முறையைப் போடுங்கள், எதிரொலி நீக்கியை அந்த வாசலில் நிறுத்துங்கள், வேகத்தைச் செக்கனுக்கு 14,400 பிட்டிலிருந்து 9,600க்கு இறக்குங்கள். பேச்சைச் சுருக்கும் ஜி.729 போட்டுவிட்டுப் பக்ஸ் வரவில்லை என்று தொலைபேசிக் கம்பனியைத் திட்டுவது நியாயமில்லை.

வழு திருத்தும் முறையை வைப்பதா நிறுத்துவதா என்று ஒரு வாதம் உண்டு. வைத்தால், கெட்ட கம்பியில் பக்கம் மறுபடி மறுபடி போய் நேரம் இழுக்கும், சில வேளை அழைப்பே அறும். நிறுத்தினால் கடிதம் வந்து சேரும், நடுவில் இரண்டு வரி இருக்காது. தொகை எழுதிய கடிதங்கள் வாங்கும் இடத்தில் நான் வைக்கவே சொல்வேன். வராத பக்ஸை மறுபடி கேட்கலாம். ஒரு பூச்சியம் குறைந்து வந்த பக்ஸை யாரும் மறுபடி கேட்பதில்லை.

இணையப் பக்ஸ் சேவையும், பக்ஸே வேண்டாம் என்பதும்

மாதக் கட்டணம் கட்டி இணையச் சேவையில் இலக்கம் வாங்குவது வெளிநாட்டில் சுகமான வழி. இங்கே முதல் கேள்வி, 021இல் தொடங்கும் இலக்கம் தருவார்களா என்பது. கச்சேரி எழுதுவினைஞர் அமெரிக்க இலக்கமொன்றுக்கு வெளிநாட்டு அழைப்பு எடுத்து உங்களுக்குப் பக்ஸ் அனுப்பமாட்டார். இரண்டாவது, பயனாளிகளின் விபரங்கள் எந்த நாட்டுச் சேர்வரில் கிடக்கும் என்பது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அது வெறும் மனச்சாட்சிக் கேள்வி அல்ல.

பக்ஸை விட்டுவிட்டு ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்புவதற்குச் சட்டம் தடையில்லை. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் இலத்திரனியல் ஆவணத்தை ஏற்றுக்கொள்கிறது; காணி விற்பனை, அற்றோணித் தத்துவம், மரணசாசனம் போன்றவை அதற்கு வெளியே, ஆனால் அவற்றை யாரும் பக்ஸிலும் முடிப்பதில்லை. தடை மறுமுனையில்தான். நீங்கள் மாறலாம், உங்களுக்குக் கடிதம் அனுப்பும் திணைக்களம் மாறும் வரை இலக்கத்தை வெட்ட முடியாது.

எனது தெரிவு

வருவதற்குச் செய்திப்பகுதி என்றேன். தாள், புழுதி, வெக்கை, எட்டிப் பார்க்கும் கண்கள் எல்லாம் வருகின்ற பக்கத்துச் சிக்கல்கள். அவை அத்தனையும் படமாக வாங்கினால் தீரும். யூபிஎஸ் ஒன்று பெட்டிக்கும், ஃபைபர் என்றால் ரூட்டருக்கும் போதும், அச்சுப்பொறிக்குத் தேவையில்லை.

போவதற்கு ஏன் இயந்திரம்? நம் அலுவலகங்களில் அனுப்பும் கடிதம் எப்படியும் தாளில்தான் பிறக்கிறது. தலைவர் ஒப்பம் வைக்க வேண்டும், செயலாளர் ஒப்பம் வைக்க வேண்டும், இறப்பர் முத்திரை விழ வேண்டும். அந்தத் தாளை ஸ்கேன் செய்து, கணினியில் ஏற்றி, செய்திப்பகுதி வழியாக அனுப்புவது மூன்று வேலை. இயந்திரத்தில் வைத்து இலக்கத்தை அழுத்துவது ஒரு வேலை, கையில் அறிக்கையும் வரும். கணினியிலிருந்து பக்ஸ் அனுப்பும் வசதியைத் திறந்துவிட்டால் யார் எங்கே அனுப்பினார்கள், வெளிநாட்டு அழைப்புக்கு யார் கட்டணம் கட்டுவது என்று இன்னொரு நிர்வாகமும் சேரும். ஏற்கெனவே உள்ள போட்டோக்கொப்பி இயந்திரத்தில் பக்ஸ் பலகை இருந்தால் அதையே பெட்டியின் அனலொக் வாசலில் கொழுவி, வெளிநாட்டு இலக்கங்களைப் பூட்டிவிடுங்கள்.

இயந்திரத்தில் ஒரு அமைப்பை மட்டும் மாற்ற மறக்க வேண்டாம். சாதாரணத் தரத்தில் பக்ஸ் நெடுக்காக அங்குலத்துக்கு 98 கோடு மட்டுமே அனுப்பும். ஆங்கிலத்துக்கு அது போதும். சிறிய எழுத்தில் அடித்த தமிழில் மெய்யெழுத்தின் புள்ளி கரைந்துவிடும். சுழியும் கொம்பும் ஒட்டிக்கொண்டு பெயரே மாறும். நுண்தரத்தில் 196 கோடு. நேரம் கூடும், ஆனால் பயனாளிகளின் பெயர்ப் பட்டியல் பயனாளிகளின் பெயரோடு போய்ச் சேரும். தரத்தைத் தீர்மானிப்பது அனுப்பும் பக்கம் என்பதால், வருவதில் இதை நீங்கள் திருத்த முடியாது. அனுப்புவோரிடம் எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லலாம், அவ்வளவுதான்.

இந்தத் தெரிவு பொருந்தாத இடங்களும் உண்டு. கிழமைக்கு ஒன்றிரண்டு பக்ஸ் வரும் ஒற்றையறை அலுவலகம் செய்திப்பகுதிக்கு உரிமம் வாங்குவது வீண். சாதாரணத் தாளில் அச்சடிக்கும் இயந்திரமும் தொலைபேசிப் பக்கத்து இடிக்காப்பும் போதும். வவுனியாக் களஞ்சியத்தின் 024 இலக்கத்தையும் தனியாக விடுங்கள். அதைக் கிளிநொச்சிப் பெட்டிக்குள் இழுத்தால் இரண்டு இணைப்புகளின் குறைகளும் ஒரே பக்ஸில் சேரும்.

கடைசிக் காசைக் கொடுக்கும் முன் விற்பவரை வைத்து ஒரு சோதனை செய்யுங்கள். அவர் கொண்டுவரும் ஒற்றைப் பக்கம் வேண்டாம். இருபது பக்கம், சிறிய எழுத்தில் தமிழ், வெளியே வேறொரு அலுவலகத்தின் இயந்திரத்திலிருந்து, முதலில் தானாக, பிறகு ரிசீவரைத் தூக்கி அழுத்தும் முறையில். முதற் பக்கங்கள் ஒழுங்காக வந்து நடுவில் அறுந்தால், பேச்சிலும் குறை தெரியாவிட்டால், டிஜிட்டல் இணைப்பில் பெட்டியின் கடிகாரம் வழங்குநரின் கடிகாரத்தோடு ஓடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருபதும் வந்த பிறகு இணையக் கம்பியைக் கழற்றிவிட்டு இன்னொன்று அனுப்பச் சொல்லுங்கள். பொறுப்பாளரின் மேசையில் விளக்கு எரிந்தால் காசோலையில் ஒப்பம் வைக்கலாம்.